கல்யாணச் செலவு உங்களுது, மொய்ப் பணம் எங்களுது

நண்பர் ஒருத்தர் போன வாரம் தன்னோட பதிவுல போகிற போக்குல ஒரு வரி எழுதியிருந்தார். குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடத்த ஊர் கிடைக்காம அலையுறாங்களாம், வசதியான ஊர்க்காரங்க எல்லாம் கஞ்சப்பிசினாறி ஆயிட்டாங்களாம், உலக ஒற்றுமைக்காக நாலு காசு செலவு பண்ண மனசு வரலையாம். பின்னூட்டத்துல பதில் எழுத ஆரம்பிச்சேன். நாலு பாரா தாண்டினதும் இது பின்னூட்டம் இல்ல, தனிப்பதிவுன்னு புரிஞ்சுது. அதனால இங்க.

முதல்ல ஒரு வாக்குமூலம். அந்தக் கஞ்சப்பிசினாறிகள்ல நானும் ஒருத்தன். 2018 நவம்பர் 13ஆம் தேதி கால்கரி நகரத்துல வாக்கெடுப்பு வச்சாங்க. 2026 குளிர்கால ஒலிம்பிக்ஸை நம்ம ஊர்ல நடத்த விண்ணப்பம் போடலாமா வேணாமா? வேணாம்னு சொன்னவங்க 56 சதவீதம். அதுல என்னோட ஓட்டும் உண்டு. தங்கமணி 'வேணும்'னு குத்திட்டு வந்தாங்க. ஆக எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் முடிவு சமன். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்காங்க :-)

எனக்கு இந்த விளையாட்டு பிடிக்காதுன்னு யாரும் நினைச்சுடாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, துடைப்பத்தால ஐஸைத் தேய்க்கிற கர்லிங் ஆட்டத்தை முழுசா பார்க்கிற ஜென்மம் நான். என் பையன் ஸ்கேட்டிங் கத்துக்கிட்டது 1988 ஒலிம்பிக்ஸுக்காக இங்க பல்கலைக்கழகத்துல கட்டின ஓவல் அரங்கத்துலதான். தங்கமணியோட கட்சிக்கு அதுதான் பெரிய ஆதாரம். "அன்னிக்கு யாரோ செலவு பண்ணினதாலதானே இன்னிக்கு உன் புள்ள சறுக்குறான்?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னால போகணும்.

1924ல பிரான்ஸ்ல ஷமோனின்னு ஒரு மலையூர்ல ஒரு வாரத்துக்கு மேல பனி விளையாட்டு நடத்தினாங்க. அப்போ அதுக்கு ஒலிம்பிக்ஸ்னு பேரே கிடையாது. 'சர்வதேச குளிர்கால விளையாட்டு வாரம்'. அந்த வருஷம் பாரீஸ்ல நடந்த ஒலிம்பிக்ஸுக்கு ஒரு துணை நிகழ்ச்சி மாதிரி. ஏன் இந்தத் தயக்கம்னா, பனி விளையாட்டுல சக்கரவர்த்திகளான நார்வேக்காரங்களும் ஸ்வீடன்காரங்களுமே இதை எதிர்த்தாங்க. அவங்களுக்கு 1901லேர்ந்து சொந்தமா 'நார்டிக் விளையாட்டுகள்'னு ஒண்ணு இருந்துச்சு. போட்டிக்குக் கடை போட்டா யாருக்குத்தான் பிடிக்கும்? நடந்து முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு, 1926லதான் கமிட்டி (சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியை இனிமே கமிட்டின்னே சொல்றேன், கை வலிக்குது) ஷமோனிதான் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ்னு பின்தேதியிட்டுப் பேர் வச்சது. பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பிச்சப்புறம் பேர் சூட்டு விழா.

அன்னிக்கு வந்தது 16 நாடு. போட்டிகளும் 16தான். பெய்ஜிங் 2022ல 109 போட்டி, மிலானோ-கோர்ட்டினா 2026க்கு 116. ஒரு மலைக்கிராமமும் அதோட ஹோட்டல்காரங்களும் சேர்ந்து சமாளிக்கிற அளவுல இருந்த விஷயம், ஒரு தேசத்தோட கஜானாவைத் திறந்தாத்தான் நடக்கும்ங்கிற அளவுக்கு ஊதிப் போச்சு. நண்பர் சொல்ற 'நாலு காசு' எந்தக் காலத்துக் கணக்குன்னு தெரியலை.

இன்னொண்ணு, பனி. வெயில்கால ஒலிம்பிக்ஸுக்கு மைதானம் கட்டினா போதும், வெயில் தானா வரும். இங்க ஆதாரமான சரக்கே வானத்துலேர்ந்து விழணும். அது ஆரம்பத்துலேர்ந்தே காலை வாரிட்டு இருக்கு. 1928ல செயின்ட் மோரிட்ஸ்ல சூடான மலைக்காத்து அடிச்சு ஐஸ் உருகி, 10,000 மீட்டர் ஸ்கேட்டிங் போட்டியையே ரத்து பண்ணினாங்க. 1964ல இன்ஸ்ப்ரூக்ல பனியே இல்லாம, ஆஸ்திரிய ராணுவம் மலை மேலேர்ந்து 20,000 ஐஸ் கட்டிகளைச் சுமந்து வந்து சறுக்குத் தடம் அமைச்சது. 2010ல வான்கூவர் பக்கத்து சைப்ரஸ் மலைல வைக்கோல் கட்டுகளை அடுக்கி, ஹெலிகாப்டர்ல பனி கொண்டு வந்து மேல கொட்டினாங்க. பெய்ஜிங்ல கேட்கவே வேணாம், ஏறக்குறைய மொத்தமும் மெஷின் போட்ட பனி. கனடாவோட வாட்டர்லூ பல்கலைக்கழகம் தலைமையில 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு. புகை விடுறதை இப்படியே விட்டா இந்த நூற்றாண்டு கடைசில, இதுவரைக்கும் நடத்தின 21 ஊர்கள்ல நம்பி நடத்தக்கூடிய ஊர் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும். ஜப்பானோட சப்போரோ.

இப்ப 'கஞ்சத்தனம்' மேட்டருக்கு வருவோம். வேணாம்னு சொன்ன முதல் ஊர் எங்க ஊர் இல்ல. அந்தப் பெருமை டென்வருக்குப் போகணும்.

1970ல கமிட்டி, 1976 போட்டியை அமெரிக்காவோட டென்வருக்குக் கொடுத்துச்சு. கொலராடோ மாநிலத்துக்கு அப்போ நூறாவது பிறந்தநாள், நாட்டுக்கு இருநூறாவது, ஜோடி விழாவா கொண்டாடலாம்னு பெரிய மனுஷங்க சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. ஊர்க்காரங்களை யாரும் கேட்கலை. விண்ணப்பத்துல மலைச்சறுக்குக்குக் காட்டின ஸ்னிக்டாவ் மலைல காத்து அடிச்ச அடில பனியே சரியா தங்காது. என்ன பண்ணினாங்க தெரியுமா? போட்டோல பனியை வரைஞ்சு அனுப்பினாங்க! ஜாதகத்தைத் திருத்திப் பொண்ணு பார்க்கப் போறதைக் கேள்விப்பட்டிருக்கேன், மலைக்கு மேக்கப் போட்டு அனுப்பினதை இங்கதான் படிச்சேன்.

செலவுக் கணக்கு ஏற ஏற, ரிச்சர்ட் லாம்ங்கிற இளம் சட்டமன்ற உறுப்பினரும் இன்னும் சில பேரும் கையெழுத்து வாங்கி விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டு வந்தாங்க. 1972 நவம்பர் 7. நிக்சன் ரெண்டாவது தடவையா ஜெயிச்ச அதே நாள். மாநில மக்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் 'எங்க வரிப்பணம் இதுக்குக் கிடையாது'ன்னு சொல்லிட்டாங்க. டென்வர் பின்வாங்குச்சு. கையில கிடைச்ச ஒலிம்பிக்ஸைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு ஊர்தான். கமிட்டி அங்க இங்க அலைஞ்சு, கடைசில ஏற்கெனவே 1964ல நடத்தின இன்ஸ்ப்ரூக்கையே பிடிச்சது. அவங்க ரெண்டு தீபம் ஏத்தினாங்க, 64க்கு ஒண்ணு, 76க்கு ஒண்ணு. இருந்த அரங்கங்களை வச்சே பெரும்பாலும் நடத்தி முடிச்சாங்க. உலகம் ஒண்ணும் அழிஞ்சு போகலை. லாம் அப்புறம் 12 வருஷம் கொலராடோவுக்கு கவர்னரா இருந்தார்ங்கிறது துணைத் தகவல். டென்வர்காரங்க இன்னும் மறக்கலை. 2019ல தனியா ஒரு வாக்கெடுப்பு வச்சு, இனிமே மக்களைக் கேட்காம ஒலிம்பிக்ஸுக்கு நகரம் காசு செலவு பண்ணக்கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க.

நடத்தின ஊர்களுக்கு என்ன கிடைச்சுது? 1980ல லேக் பிளாசிட். வீரர்கள் தங்கக் கட்டின குடியிருப்பு அப்புறம் ஃபெடரல் சிறைச்சாலை ஆச்சு. 'ஆச்சு'ன்னா தற்செயலா ஆகலை, கட்டும்போதே அதுதான் திட்டம். கட்டடத்துக்குக் காசு வேணும்னா பின்னால ஒரு உபயோகம் காட்டணும்னு கேட்டப்ப, சிறைத்துறைதான் முன்வந்துச்சு. உலகத்துலேர்ந்து வந்த இளைஞர்கள் ரெண்டு வாரம் நாளைய கைதிகளோட அறைல படுத்துத் தூங்கினாங்க. இன்னிக்கும் அது ஜெயில்தான். 1984ல சரயேவோ. அதைப் பத்தி நக்கலா எழுத மனசு வரலை. எட்டே வருஷத்துல போர் வந்து, பாப்ஸ்லெட் தடம் பீரங்கி வைக்கிற இடமாச்சு, ஸெத்ரா அரங்கத்துப் பக்கத்து மைதானம் கல்லறையாச்சு. அது ஒலிம்பிக்ஸோட தப்பு இல்ல, இந்தக் கணக்குல சேர்க்க மாட்டேன்.

2006ல டுரின். அதுக்காக செசானாங்கிற இடத்துல 10 கோடி யூரோவுக்கு மேல செலவு பண்ணி ஒரு பாப்ஸ்லெட் தடம் கட்டினாங்க. பராமரிக்கக் கட்டுப்படியாகாம சில வருஷத்துலேயே மூடிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு அதே இத்தாலிக்கு 2026 போட்டி. பழசைச் சரி பண்ணினாங்களா? இல்ல. கோர்ட்டினால மரங்களை வெட்டி, கிட்டத்தட்ட 12 கோடி யூரோவுக்கு இன்னொண்ணு கட்டினாங்க. இந்த இடத்துல ஒரு நேர்மையான விஷயத்தைச் சொல்லியே ஆகணும். கமிட்டியே 'புதுசு வேணாம்ப்பா, பக்கத்துல ஆஸ்திரியாவுலயோ சுவிட்சர்லாந்துலயோ இருக்கற தடத்தை வச்சுக்கோங்க'ன்னு சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல நம்ம மும்பைல நடந்த கமிட்டிக் கூட்டத்துலேயே இத்தாலிக்காரங்க 'சரி, வெளிநாட்டுக்கே போறோம்'னு அறிவிச்சாங்க. நாலு மாசத்துல மனசு மாறி, அரசாங்கமே நின்னு கட்ட ஆரம்பிச்சது. கௌரவம்! பக்கத்து வீட்டு அடுப்புல நம்ம வீட்டு விருந்து சமைக்கிறதாங்கிற வீம்பு. ஆக கமிட்டியை மட்டும் திட்டிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. அரசியல்வாதிக்கு ரிப்பன் வெட்டுற ஆசை எந்த ஊர்லயும் ஒண்ணுதான்.

ஆனா கமிட்டி திட்டு வாங்க வேண்டிய இடங்களும் இருக்கு. நகானோ 1998ஐ எடுத்துக்கோங்க. போட்டியை வாங்கறதுக்காக என்ன செலவு பண்ணினாங்கன்னு பார்க்கலாம்னா, விண்ணப்பக் குழுவோட கணக்குப் புத்தகங்களை எரிச்சுட்டாங்க. 90 தொகுதி. கணக்கு சுத்தமா இருக்கற யாராவது கணக்குப் புத்தகத்தைக் கொளுத்துவாங்களா? அதே வருஷக் கடைசில சால்ட் லேக் சிட்டி குட்டு உடைஞ்சுது. 2002 போட்டிக்காக கமிட்டி உறுப்பினர்களுக்குப் பரிசு, பிள்ளைங்களுக்குப் படிப்புச் செலவு, வைத்தியச் செலவுன்னு வாரி இறைச்சிருக்காங்க. பத்து உறுப்பினர்கள் பதவி போச்சு, சில பேர் நீக்கம், சில பேர் ராஜினாமா. லஞ்ச வழக்குல குற்றம் சாட்டப்பட்ட உள்ளூர் ஆட்கள் ரெண்டு பேரும் 2003ல விடுதலை ஆயிட்டாங்க. ஊர் வழக்கம் அப்படித்தான் போலிருக்கு, நாங்களும் மொய் வச்சோம்ங்கிற மாதிரி.

சோச்சி 2014. கருங்கடல் ஓரத்துல, பனைமரம் வளர்ற ஊர்ல குளிர்கால ஒலிம்பிக்ஸ்! முந்தின வருஷத்துப் பனியைப் போர்வை போட்டு மூடிப் பத்திரப்படுத்தினாங்க, ஆவக்காய் ஜாடி மாதிரி. மொத்தச் செலவுன்னு உலகம் சொன்ன எண் 5,100 கோடி டாலர். கடற்கரைலேர்ந்து மலைக்குப் போற சுமார் 50 கிலோமீட்டர் ரோடும் ரயிலும் மட்டும் 800 கோடி டாலருக்கு மேல. அந்த ஊர்லயே பிறந்த எதிர்க்கட்சிக்காரர் போரிஸ் நெம்ஸோவ் 2013ல ஒரு அறிக்கை போட்டு, 2,500 கோடிலேர்ந்து 3,000 கோடி டாலர் வரைக்கும் சுருட்டப்பட்டிருக்குன்னார். மேல போட்டி நடக்க, பரிசோதனைக்கூடத்துச் சுவத்துல ஓட்டை போட்டு ராத்திரியோட ராத்திரியா சிறுநீர் பாட்டில்களை மாத்தின கதை 2016ல வெளில வந்துச்சு. சொன்னது வேற யாரும் இல்ல, அந்தக் கூடத்தோட தலைவராவே இருந்த ரோட்சென்கோவ்.

பியோங்சாங் 2018 அளவு சின்னது, கதை அதேதான். 35,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம், 10 கோடி டாலருக்கு மேல செலவு. உபயோகிச்சது மொத்தம் நாலு தடவை. ஒலிம்பிக்ஸ் தொடக்கம், நிறைவு, பாராலிம்பிக்ஸ் தொடக்கம், நிறைவு. அப்புறம் இடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல கல்யாணப் பந்தலைப் பிரிச்சா மூங்கிலாவது திரும்பக் கிடைக்கும். கரிவாங் மலைல பாதுகாக்கப்பட்ட காட்டை வெட்டி ஒரு சறுக்குப் பாதை போட்டாங்க. முடிஞ்சதும் காட்டைத் திரும்ப வளர்த்துடுவோம்னு வாக்கு கொடுத்தவங்க, முடிஞ்சதும் வருஷக்கணக்கா இழுத்தடிச்சாங்க.

இதையெல்லாம் டிவில பார்த்துட்டு இருந்த ஜனங்க என்ன பண்ணுவாங்க? 2022 போட்டிக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மியூனிக் வட்டாரத்துல வாக்கெடுப்பு, வேணாம். சுவிட்சர்லாந்தோட கிராபுண்டன்ல வாக்கெடுப்பு, வேணாம். கிராகோவ்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் வேணாம். ஸ்டாக்ஹோம் தானாவே ஒதுங்கிடுச்சு. உக்ரைனோட லிவிவ் போரால விலகிச்சு. மிச்சம் ஆஸ்லோ.

ஆஸ்லோவைப் பத்தி நிதானமா சொல்லணும். நார்வேதான் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல அதிகப் பதக்கம் வாங்கின நாடு. எண்ணெய்க் காசு கொட்டிக் கிடக்கற நாடு. குழந்தைங்க நடக்கறதுக்கு முன்னாடி ஸ்கீ மாட்டிக்கறதா ஜோக் சொல்வாங்க. அவங்க நடத்தாம வேற யார் நடத்துறது? அந்தச் சமயத்துல அங்கத்திய வேகே பத்திரிகை, கமிட்டியோட எதிர்பார்ப்புகள் என்னென்னன்னு போட்டு உடைச்சது. தொடக்க விழாவுக்கு முன்னாடி ராஜாவைச் சந்திக்கணும். அப்புறம் ஒரு பார்ட்டி, செலவு அரண்மனையோ நடத்துற குழுவோ பார்த்துக்கணும். ரோட்டுல உறுப்பினர்களுக்குத் தனிப் பாதை. ஹோட்டல்ல வந்து இறங்கும்போது புன்சிரிப்போட வரவேற்கணும். ரூம்ல பழமும் கேக்கும் வச்சிருக்கணும். பார் ராத்திரி ரொம்ப நேரம் திறந்திருக்கணும். மினிபார்ல ஸ்பான்சரோட கோலாதான் இருக்கணும்.

இந்தப் பட்டியலை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்களை ஜானவாசத்துக்கு எப்படி அழைக்கணும், காபி எத்தனை மணிக்கு, மாப்பிள்ளையோட ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்குத் தனி ரூம் உண்டா. அதே சீர் வரிசை, அதே முறுக்கு. வித்தியாசம் என்னன்னா, நார்வேக்காரன் பொண்ணைப் பெத்தவன் மாதிரி துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கலை. 2014 அக்டோபர் 1ஆம் தேதி ஆளுங்கட்சியே நிதி உத்தரவாதம் தர மாட்டோம்னு சொல்லிடுச்சு. 'அதெல்லாம் கட்டாயம் இல்ல, வெறும் யோசனைதான்'னு கமிட்டி விளக்கம் கொடுத்துச்சு, நல்ல வாய்ப்பை விட்டுட்டீங்களேன்னு வருத்தமும் பட்டுச்சு. கடைசில பந்தில மிச்சம் இருந்தது பெய்ஜிங்கும் அல்மாத்தியும். ரெண்டு இடத்துலயும் மக்களைக் கேட்கற பழக்கம் கிடையாது. 44க்கு 40 ஓட்டுல பெய்ஜிங்.

நண்பரே, உங்க 'கஞ்சத்தனம்' வாதத்துக்கு இங்கதான் என் பதில். எங்கெல்லாம் மக்களைக் கேட்டாங்களோ அங்கெல்லாம் பெரும்பாலும் வேணாம்னாங்க. எங்கெல்லாம் கேட்கலையோ அங்கெல்லாம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. 2026க்கும் அதே கதை. கிராபுண்டன் மறுபடி வேணாம், இன்ஸ்ப்ரூக் இருக்கற டிரோல் வேணாம், சியோன் வேணாம், கால்கரி வேணாம். ரெண்டு தடவை வெற்றிகரமா நடத்தின இன்ஸ்ப்ரூக்காரனே கும்பிடு போட்டு அனுப்பறான்னா தப்பு அவன் பர்ஸ்லயா இருக்கு?

செலவு ஏன் இப்படி ஏறுதுன்னு ஒரு சந்தேகம் வரலாம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 1960லேர்ந்து கணக்குக் கிடைக்கிற ஒலிம்பிக்ஸ் எல்லாத்தையும் பார்த்தாங்க, கோடை குளிர் ரெண்டும். சொன்ன தொகைக்குள்ள முடிஞ்சது ஒண்ணு கூட இல்ல. ஒண்ணு கூட! வீடு கட்டினவங்களுக்கு இது புரியும். ஆனா வீடு கட்டும்போது காசு தீர்ந்தா மாடியை அடுத்த வருஷம் போட்டுக்கலாம், கிரகப்பிரவேசத்தைத் தள்ளி வைக்கலாம். இங்க முகூர்த்தத் தேதி ஏழு வருஷம் முன்னாடியே குறிச்சாச்சு, மாத்த முடியாது. கான்ட்ராக்டருக்கு அது நல்லாத் தெரியும். போட்டியை ஜெயிக்கணும்னு விண்ணப்பத்துல கம்மியா எழுதுவாங்க, ஜெயிச்சப்புறம் நிஜ விலை வரும், அப்போ பின்வாங்க முடியாது. இதுக்கு மேல கமிட்டியோட ஒப்பந்தம். தேறாத செலவெல்லாம் நகரத்துக்கும் அரசாங்கத்துக்கும்.

கமிட்டி ஒண்ணுமே தர்றதில்லைன்னு சொல்ல மாட்டேன். டிவி, ஸ்பான்சர் வருமானத்துலேர்ந்து ஒரு பங்கு வரும். 2026க்கு சேவைகளையும் சேர்த்து 90 கோடி டாலருக்கு மேல தர்றதா வாக்கு கொடுத்தாங்க. சின்னத் தொகை இல்ல. ஆனா அமெரிக்க டிவி ஒண்ணு மட்டும், 2021லேர்ந்து 2032 வரைக்குமான ஒலிம்பிக்ஸுக்காக 765 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருக்கு. அந்த வருமானம் உறுதி, பனி பெய்ஞ்சாலும் பெய்யாட்டியும். கட்டடம், ரோடு, போலீஸ், நஷ்டம் எல்லாம் ஊர்க்காரன் தலைல. மொய் நோட்டு ஒருத்தர் கைல, மண்டப வாடகை இன்னொருத்தர் தலைல.

கனடாக்காரனுக்கு இதுல பழைய காயம் வேற இருக்கு. 1976 கோடை ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி மாண்ட்ரியல் மேயர், ஆம்பளை பிள்ளை பெத்தாத்தான் ஒலிம்பிக்ஸ்ல நஷ்டம் வரும்ங்கிற ரீதியில வீரவசனம் பேசினார். கடன் அடைஞ்சது 2006ல. முப்பது வருஷம், சிகரெட் வரியெல்லாம் போட்டு. வான்கூவர்ல 2009ல வீரர்கள் குடியிருப்புக்குக் கடன் கொடுத்தவங்க கையை விரிச்சதும், நகரமே கடன் வாங்கிக் கட்டி முடிக்க வேண்டி வந்துச்சு.

இப்ப தங்கமணி கேள்விக்கு வரேன். கால்கரி 88 நல்லா நடந்துச்சு, ஒத்துக்கறேன். அரங்கங்களைக் கட்டினதோட நிறுத்தாம, பராமரிக்கத் தனியா நிதி ஒதுக்கி வச்சாங்க. முப்பது வருஷம் ஊர்க் குழந்தைங்க சறுக்கினாங்க. சின்ன ஊரான லில்லிஹாமர் 1994ல நடத்தினதை வச்சே 2016ல இளையோர் ஒலிம்பிக்ஸும் நடத்துச்சு. சால்ட் லேக், லஞ்சம் கொடுத்து வாங்கினாலும், நடத்தினது ஒழுங்கா நடத்தி லாபத்துல முடிச்சு அரங்கங்களையும் காப்பாத்துச்சு. நல்ல உதாரணமே இல்லைன்னு யார் சொன்னா? ஆனா 2018ல எங்க முன்னாடி வச்சது 88 இல்ல. 500 கோடி கனடா டாலருக்கு மேல ஒரு கணக்கு. யார் எவ்வளவு போடுறதுங்கிறதுலயே நகரமும் மாகாணமும் மத்திய அரசும் ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது கூட இழுபறில இருந்தாங்க. எண்ணெய் விலை விழுந்து எங்க தெருவுலயே மூணு வீட்டுல வேலை போயிருந்த சமயம். எனக்கே அந்த வருஷம் ஆணி கம்மி, அடுத்த மாசச் சம்பளம் வருமான்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். நஷ்டம் வந்தா யார் பொறுப்புன்னு விளக்கக் கூட்டத்துல ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். மேடைல இருந்தவங்க எதிர்பாராத செலவுக்கு நிதி ஒதுக்கியிருக்கோம்னாங்க. அதுக்கும் மேல போனா? அந்தக் கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லலை. அங்கதான் என் ஓட்டு முடிவாச்சு.

இப்ப கமிட்டி கொஞ்சம் மாறியிருக்கு, அதையும் சொல்லிடறேன். 2024 ஜூலைல 2030ஐ பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கும் 2034ஐ சால்ட் லேக்குக்கும் ஒரே நாள்ல கொடுத்தாங்க. எதிர்த்து யாரும் போட்டி போடலை, தனியா கூப்பிட்டுப் பேசி முடிச்ச சம்பந்தம். பிரான்ஸ்காரங்க புது ஸ்கேட்டிங் ஓவல் கட்டாம நாட்டுக்கு வெளில இருக்கறதை வச்சுக்கலாம்னு திட்டம் போட்டாங்க. பாப்ஸ்லெட்டுக்கு 1992 போட்டிக்காகக் கட்டின லா பிளான்ய் தடம். சால்ட் லேக்ல புதுசா நிரந்தர அரங்கமே வேணாம்னு சொல்லியிருக்காங்க. அம்பது வருஷம் முன்னாடி இன்ஸ்ப்ரூக் செஞ்சு காட்டினது இப்பத்தான் மண்டைல ஏறியிருக்கு, அதுவும் ஊர் ஊரா 'வேணாம்' வாங்கினப்புறம். அந்தக் கஞ்சப்பிசினாறிகள் ஓட்டுப் போடலைன்னா இது நடந்திருக்குமா?

என்னைக் கேட்டா இன்னும் நேரா போகணும். பனி நிச்சயம், அரங்கம் தயார்னு நாலஞ்சு இடத்தை வச்சுக்கிட்டு அதுக்குள்ளேயே சுத்தி சுத்தி நடத்தணும். 2040க்குள்ள பத்து நாடுகள்தான் பனிப்போட்டிக்குத் தேறும்னு கமிட்டியே 2023ல சொல்லியாச்சு, அப்புறம் என்ன தயக்கம்? நஷ்டத்துல கமிட்டியும் பங்கு எடுத்துக்கணும். ஊர்க்காரங்க ஓட்டு இல்லாம விண்ணப்பத்தை வாங்கவே கூடாது. 'அப்போ புது நாடுகளுக்கு வாய்ப்பே இல்லையா'ன்னு கேட்பீங்க. விளையாட வாய்ப்பு வேற, நடத்த வாய்ப்பு வேற. மணாலி பக்கத்து ஷிவ கேசவன் லூஜ்ல ஆறு ஒலிம்பிக்ஸ் போனவர். வண்டில சக்கரம் மாட்டி, லாரியும் ஆட்டு மந்தையும் வர்ற இமாலய ரோட்டுல சறுக்கிப் பழகினவர். 2014ல நம்ம ஒலிம்பிக் சங்கம் தடைல இருந்ததால சோச்சில தேசியக் கொடி இல்லாம இறங்கினார். அவர் போட்டி முடிஞ்சு ரெண்டு நாள்ல தடையை எடுத்தாங்க. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல பயிற்சித் தடம், ஒழுங்கான ஒரு சங்கம். 5,100 கோடி டாலர் திருவிழா இல்ல.

எங்க ஊர் பாப்ஸ்லெட் தடம் 2019ல மூடியாச்சு. புதுப்பிக்கத் தேவையான காசு முழுசா சேரலை. பான்ஃப் போற ஹைவேல அந்த மலையைத் தாண்டும்போதெல்லாம் தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பி, "நீ ஒரு ஓட்டு மாத்திப் போட்டிருந்தா"ன்னு ஆரம்பிப்பாங்க. ஒரு ஓட்டு இல்லம்மா, பன்னெண்டு சதவீத வித்தியாசம்னு சொல்லுவேன். பின்சீட்டுலேர்ந்து பையன், "கொஞ்சம் பாட்டு போடறீங்களா"ம்பான்.

டிஸ்கி: அந்தக் கஞ்சப்பிசினாறி பதிவைப் போட்ட நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். உள்குத்து எதுவும் இல்ல தல, எல்லாமே வெளிக்குத்துதான். பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. அனானிகள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கவும்.